பெயர்ப்பதா, பதியம் போடுவதா, டிரம்மில் வளர்ப்பதா? வடசென்னை வீட்டுப் பழமரங்களுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம், பின்னால் மூன்று வயதுக் கொய்யா நிற்கிறது, அதை என்ன செய்வது? பெரம்பூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதே கேள்வி வேறு விதமாக வரும். ஆசையாக வைத்த எலுமிச்சை பூ விடுகிற நேரத்தில் ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்.

இரண்டு பேருக்கும் முன்னால் நாலு வழி இருக்கிறது. மரத்தை வேரோடு பெயர்த்து வேறு இடத்துத் தரையில் நடலாம். பெயர்த்து டிரம்மிலோ தொட்டியிலோ வைக்கலாம். மரத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, கிளையில் பதியம் போட்டு, அதாவது கிளையிலேயே வேர்விட வைத்து, அந்தக் கன்றை மட்டும் எடுத்துப் போகலாம். இதெல்லாம் வேண்டாமென்றால் நர்சரியில் புது ஒட்டுக் கன்று வாங்கிக்கொள்ளலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டு கட்டைவிரல் பருமனுக்குள் இருந்தால் தாராளமாகப் பெயர்க்கலாம். அதைவிடப் பெருத்துவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் பதியம்தான் சரி. பதியக் கன்றை வைக்க, சொந்தமாகத் தரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் சில வருடங்களுக்கு அரை டிரம் (200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் பாதி) போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு மரத்தின் எடை, ஊரின் மண், வீட்டுக்கு வரும் தண்ணீர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

பெயர்த்தால் என்ன ஆகும்

பெயர்க்கிற வேலை முழுக்கத் தாய்மண்ணைப் பொறுத்தது. வேரைப் பிடித்துக்கொண்டு வருகிற அந்த மண் உருண்டை உடையாமல் வந்தால் மரம் பிழைக்கும், உதிர்ந்துவிட்டால் சந்தேகம்தான். எவ்வளவு பெரிய உருண்டை வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தண்டின் குறுக்களவைப் போலப் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலம். தரையிலிருந்து அரையடி உயரத்தில் தண்டு ஒரு அங்குலம் இருந்தால், தாய்மண் ஓரடி அகலம் வேண்டும். முக்கால் அடி ஆழத்துக்கு எடுத்தால் எடை 30 கிலோ பக்கம் வரும். இரண்டு பேர் சாக்கில் வைத்துத் தூக்கிவிடலாம். தண்டு இரண்டு அங்குலம் என்றால் உருண்டை இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். ஈர மண்ணோடு அது 150 கிலோவுக்குக் குறையாது. தண்டு இரண்டு மடங்கு ஆனதும் எடை ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அதைப் பின்பக்கத்திலிருந்து மூன்றடிச் சந்து வழியாக உடையாமல் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான மரங்கள் அந்தச் சந்திலேயே செத்துவிடுகின்றன. இலை காய்ந்து உதிர்வதுதான் பத்து நாள் கழித்துத் தெரிகிறது.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். ஜார்ஜ் டவுனிலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை கடலோரம் முழுக்க மணல். பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர் பக்கம் களி. மணலில் தோண்டுவது சுலபம், ஆனால் உருண்டை நிற்காது. முதல்நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை ஈரம் இருக்கும்போதே தோண்டி, சுற்றிலும் கோணிச் சாக்கால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் அடிவேரை வெட்ட வேண்டும். களிமண்ணில் உருண்டை நன்றாக நிற்கும், ஆனால் சொதசொதவென்று இருக்கும்போதும் கல்லாகக் காய்ந்திருக்கும்போதும் தோண்டக்கூடாது. கையில் பிடித்தால் உருண்டு, அழுத்தினால் உதிர்கிற பதம் வேண்டும்.

கையில் நேரம் இருந்தால் மரத்தைத் தயார் செய்துவிட்டுப் பெயர்க்கலாம். பில்டரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி இடிக்க ஆள் வருவதற்குள் பல வீடுகளில் சில மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளி மரத்துக்குக் கிடைத்த நேரம். பெயர்ப்பதற்கு ஆறு வாரம் முன்னால், தாய்மண் எவ்வளவு அகலம் வேண்டுமோ அந்த அளவுக்கு வட்டம் போட்டு, பாதி வட்டத்தில் மட்டும் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி தோண்டுங்கள். எதிர்ப்படும் வேர்களைக் கடப்பாரையால் நசுக்காமல், கூரான கத்தியாலோ கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியாலோ சுத்தமாக வெட்டுங்கள். மண்ணில் மக்கிய எருவைக் கலந்து மூடிவிட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து மற்ற பாதி. வெட்டிய இடத்தில் சல்லிவேர் கிளம்பும், பெயர்க்கும்போது அந்த வேர்கள் உருண்டைக்குள்ளேயே கூட வரும். இந்த முன்வேலை செய்த மரத்துக்கும் ஒரே நாளில் பிடுங்கிய மரத்துக்கும் உள்ள வித்தியாசம் முதல் மாதத்திலேயே இலையில் தெரியும்.

பெயர்க்கும் நாளில் இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்ய வேண்டும். பூவும் பிஞ்சும் இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும். பாதி வேரை இழந்த மரத்தால் முழு இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது, காய்க்குச் சுத்தமாக முடியாது.

எல்லா மரமும் இதற்கு ஒத்துவராது. கொய்யா, மாதுளை, எலுமிச்சை, அத்தி ஆகியவை பெயர்ப்பைத் தாங்கும். கொட்டை போட்டு முளைத்த மா, பலா, நாவல் ஆகியவற்றுக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கியிருக்கும், இரண்டு வயது தாண்டினால் தொடாமல் இருப்பதே நல்லது. சப்போட்டா பிழைக்கும், ஆனால் ஒரு வருடம் அப்படியே நிற்கும். பப்பாளிக்கு இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லை. விதை போட்டால் பத்து மாதத்தில் பழம் தருகிற மரம் அது. முருங்கை என்றால் போத்து வெட்டிப் போய் நட்டாலே போதும்.

காலம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில், அதுவும் கத்திரி வெயிலில், எந்த மரத்தையும் பெயர்க்காதீர்கள். மாலை மழை வருகிற ஆவணி, புரட்டாசி நல்லது. மழைக்குப் பிறகு குளிர்ச்சியாக இருக்கும் தை அதைவிட நல்லது, குறிப்பாகத் தண்ணீர் தேங்குகிற தெருக்களில்.

தரையில் வைப்பதா, டிரம்மில் வைப்பதா

பெயர்த்த மரத்துக்கு வேறு தரை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது செங்குன்றம், பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் வாங்கிப் போட்டிருக்கும் மனை. இடம் தாராளமாக இருக்கும், மண்ணும் நன்றாக இருக்கலாம். ஆனால் முதல் கோடையில் வாரம் இரண்டு மூன்று தடவை யார் போய்த் தண்ணீர் விடுவது? அங்கே குடியிருக்கும் ஆள் ஒருவர் இருந்தால் நடுங்கள். ஆள் இல்லாத மனைக்குப் பெயர்த்த மரத்தைக் கொண்டுபோகாதீர்கள், அது வைகாசியைத் தாண்டாது.

அடுத்த யோசனை, புது வீடு எழும்பிய பிறகு சுற்றுச்சுவர் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது. அங்கே இருக்கிற மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் துண்டு, சிமென்ட் பால் இறங்கி இறுகிய கட்டி, டைல்ஸ் சில்லு. சிமென்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். அதில் எலுமிச்சையும் மாவும் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிப் போகும். ஆகவே அங்கே நடுவதென்றால் குழியை முறைப்படி எடுத்து, இடிபாட்டை வெளியே கொட்டி, நல்ல மண்ணால் நிரப்ப வேண்டும். கொய்யாவுக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மாதுளைக்கு இரண்டடி. எலுமிச்சைக்கு இரண்டரை அடி. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் முழு ஒரு மீட்டர். அரை கிரவுண்டு மனையில் வீடு போக மிஞ்சும் ஓரத்தில், பக்கத்திலேயே செப்டிக் டேங்கும் சாக்கடைக் குழாயும் இருக்க, ஒரு மீட்டர் குழி எடுக்க எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? இருந்தால் சப்போட்டா வையுங்கள், காலத்துக்கும் நிற்கும். இடம் இல்லாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் தேங்குவதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் தெருக்களில் தண்ணீர் நின்றது. கொய்யா சில நாள் தாங்கும். பப்பாளி இரண்டு நாளில் வேர் அழுகிச் சாயும். எலுமிச்சை உடனே சாகாது, பிறகு தண்டின் அடியில் பிசின் வடிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றால் எலுமிச்சைக்கு மேடையோ டிரம்மோ கட்டாயம்.

சரி, டிரம்முக்கு வருவோம். 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் அகலம், 44 சென்டிமீட்டர் ஆழம், 100 லிட்டர் கொள்ளளவு. எலுமிச்சை, கொய்யா, மாதுளை, அத்தி, குட்டை ரக மா எல்லாவற்றுக்கும் இந்த அளவு பல வருடத்துக்குப் போதும். இதில் மரம் ஆறடி, ஏழடிக்கு மேல் போகாது, போகவும் விடக்கூடாது. தரை மரத்தின் விளைச்சலை இதில் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கு எலுமிச்சம்பழம், பிள்ளைகள் பறித்துத் தின்னக் கொய்யா என்ற அளவுக்கு நிச்சயம் வரும்.

டிரம்மின் பெரிய பிரச்சினை எடை. வெறும் செம்மண்ணும் எருவுமாக நிரப்பினால், ஈரத்தோடு 100 லிட்டர் 130, 140 கிலோவைத் தொடும். தேங்காய் நார்க்கழிவைத் தாராளமாகக் கலந்தால் 80, 90 கிலோவில் நிற்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். அரை டிரம் உட்காரும் இடம் கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே; அந்தச் சின்ன இடத்தில்தான் முழு எடையும் இறங்குகிறது. அதனால் டிரம்களை மாடியின் நடுவில் கூட்டமாக வைக்கக்கூடாது. கீழே சுவரும் தூணும் வருகிற ஓரங்களில், தூணுக்கு நேர் மேலே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் உத்தரம் எவ்வளவு உளுத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கே மாடியில் டிரம் வேண்டவே வேண்டாம், தரையிலோ வாசல் திண்ணைப் பக்கமோ வையுங்கள்.

இன்னொன்று காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆண்டாண்டாக வேரூன்றிய மரங்களே விழுந்தன. மாடியில் இருக்கும் ஆறடி எலுமிச்சை எம்மாத்திரம்? புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவரின் உட்பக்கமாக டிரம்மைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடுங்கள். நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டுவதைவிட இது பாதுகாப்பு. பெயர்த்துத் தரையில் நட்ட மரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொம்பு கொடுத்து ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும்.

பதியம் ஏன் மேல்

தண்டையார்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டுக் கொய்யாவுக்குத் தண்டு மூன்று அங்குலம். “தம்பி, இது உள்ள செவப்பு, வெதையும் கம்மி. கடையில இந்த ருசி வராது. மரம் போனா போவட்டும், இந்தப் பழம் எனக்கு வேணும்” என்றார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கட்டையோ வேரோ இல்லை, அந்தப் பழம். பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே பழம் வரும் என்று சொல்ல முடியாது, மகரந்தம் எங்கிருந்து வந்ததோ அதன் குணமும் சேர்ந்துவிடும். பதியக் கன்று அப்படியில்லை, அது அந்த மரத்தின் கிளையேதான். அதே பழம், அதே நிறம், அதே ருசி. காய்ப்பும் சீக்கிரம்: விதைக் கன்றைப் போலப் பல வருடம் காத்திருக்க வேண்டாம், இரண்டாம் வருடமே பூக்கும்.

அந்த மரத்தில் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாரும் செய்யக்கூடிய வேலைதான். பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனான, வெயில் படுகிற, ஒரு வருடத்துக் கிளையாகத் தேர்ந்துகொள்ளுங்கள். நுனியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு கணுவுக்குக் கீழே, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்தெடுங்கள். உரித்த இடத்தில் கை வைத்தால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பலருக்குப் பதியம் தவறிப்போவது இந்த இடத்தில்தான். அப்புறம் ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை ஒரு கைப்பிடி எடுத்து அந்த இடத்தைச் சுற்றிப் பொத்துங்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஈரம் மட்டும் இருக்க வேண்டும். மேலே தெளிவான பாலிதீன் தாளைச் சுற்றி, இரு முனையையும் சணலால் காற்றுப் புகாமல் கட்டுங்கள். தெளிவான தாள் என்றால் உள்ளே நடப்பது தெரியும். ஆடி, ஆவணியில் கட்டினால் கொய்யாவில் ஒன்றரை மாதத்தில் வெள்ளை வேர் தாளை முட்டிக்கொண்டு நிற்கும். மாதுளையும் ஏறக்குறைய அப்படியே. எலுமிச்சை இரண்டு மாதம் எடுக்கலாம்.

வேர் நிறைந்து லேசாகப் பழுப்பேறியதும் ஒரே வெட்டாக வெட்ட வேண்டாம். கட்டுக்குக் கீழே முதலில் பாதி ஆழத்துக்கு வெட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து முழுதும் வெட்டி எடுங்கள். பாதி இலையைக் கிள்ளிவிட்டுச் சின்னப் பையில் வைத்து, மூன்று நாலு வாரம் நிழலில் வைத்திருந்து பழக்குங்கள். ஒரே மரத்தில் நாலைந்து கிளையில் கட்டினால் குறைந்தது இரண்டு நிச்சயம் தேறும், மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம்.

பதியத்துக்குக் குறையும் உண்டு. அதற்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் பக்கவாட்டு வேர்தான். திறந்த தரையில், புயல் காற்றில், அது விதை மரத்தைவிடச் சுலபமாகச் சாயும். டிரம்மிலோ ஆணிவேருக்கு வேலையே இல்லை. அடியில் முட்டிச் சுருளும் தடிவேர் இல்லாமல் சல்லிவேராகவே நிறைவது தொட்டிக்கு ஏற்ற குணம். பதியத்தையும் அரை டிரம்மையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மாவுக்குப் பதியம் சரிவராது, ஒட்டுதான். வீட்டு மாவின் பழம் வேண்டுமென்றால், கன்று ஒட்டுகிற நர்சரிக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, மூன்று நாலு மாதம் முதிர்ந்த நுனிக்குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வெட்டிய அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் கொட்டைக் கன்றின்மேல் ஒட்டித் தருவார். சப்போட்டாவும் அப்படித்தான், பாலை மரத்துக் கன்றின்மேல் ஒட்டுவார்கள்.

உங்கள் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்

வடசென்னையில் மரத்தைத் தேர்வதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை போர்வெல்களில் பலவற்றில் தண்ணீர் உப்பு. தரையில் நிற்கும் மரத்துக்கு மழை வந்து உப்பைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். தொட்டியில் நாம் ஊற்றும் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கித் தங்கிச் சேரும். மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பும், இலை நுனி தீய்ந்த மாதிரி பழுப்பதும் அதன் அடையாளம். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு, அதனால் பயன் இல்லை.

ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருகிறவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், உங்கள் போர்வெல் தண்ணீரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 700ஐத் தாண்டினால் எலுமிச்சையும் மாவும் தொட்டியில் கஷ்டப்படும். மாதுளையும் கொய்யாவும் அதைவிடத் தாங்கும். சப்போட்டாவும் இலந்தையும் இன்னும் நன்றாகத் தாங்கும், கடற்காற்றையும்கூட. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலைப் பார்த்த மாடியில் எலுமிச்சை வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மேற்குப் பக்கமாக, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைத்துப் பாருங்கள்.

ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் பழக்கம். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு ஏற்கெனவே இருந்ததைவிட அடர்த்தியாக இருக்கும். அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை, அதை எலுமிச்சைக்குப் பிடித்து வையுங்கள். மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும். மாடி மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது, தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை ஷெட்டுக்குள் இழுக்காதீர்கள். ஒரு வருடத்து உப்பைக் கழுவிவிடுகிற மழை அது. ஓட்டைகள் அடைக்காமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால் உப்பும் திரும்ப ஏறும், கொசுவும் முட்டையிடும். செங்கல் வைத்து உயர்த்துவதே சரி.

எந்தத் தொட்டி

மண்தொட்டி வேருக்கு நல்லது, பக்கவாட்டில் மூச்சு விடும். ஆனால் பழமரத்துக்கு வேண்டிய அளவில் கனமும் அதிகம், தூக்கும்போது உடையவும் செய்யும். முதல் வருடத்துக் கன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் தொட்டி வெறுமையாகவே இருவர் தூக்கும் எடை. நகர்த்தாத இடத்துக்கு மட்டும் சரி. வாங்கினால் சில நாள் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகு மண் போடுங்கள். க்ரோ பேக் விலை குறைவு, லேசு. 18 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை 75 லிட்டர் பிடிக்கும். ஆனால் நம் வெயிலில் சில வருடத்தில் பொடியாக உதிரும், அடி கிழிந்த பையோடு மரத்தை வண்டியில் ஏற்ற முடியாது. ஆகவே வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு டிரம்தான், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை போட்டு நைலான் கயிற்றுப் பிடி கட்டியது. காலி செய்யும் நாளில் குட்டி யானை எனும் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிவிடலாம். ஏற்றுவதற்கு முன் கிளைகளை மேல்நோக்கிச் சேர்த்துப் பழைய புடவையால் சுற்றிக் கட்டுங்கள். மணலி சாலை மாதிரி லாரி ஓடும் சாலையில் திறந்த வண்டியில் போகும்போது காற்று இலையைக் கிழித்து உலர்த்திவிடும்.

டிரம் வாங்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம், பழைய டிரம்மும் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பழச்சாறு, எண்ணெய், ஊறுகாய் வந்த டிரம் சரி. சாயம், பூச்சிமருந்து, அமிலம் வந்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். விற்கிறவருக்கே தெரியவில்லை என்றாலும் வேண்டாம், அதில் காய்ப்பதைப் பிள்ளைகள் தின்னப்போகிறார்கள்.

அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டை, பக்கச் சுவரில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே இன்னும் நாலு. ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு ஒன்று கவிழ்த்தால் போதும். அடியில் நாலு அங்குலம் ஜல்லி கொட்டும் வழக்கம் வேண்டாம், ஜல்லிக்கு மேலே மண்ணில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், வேருக்கு இடமும் குறையும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, நன்றாக அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. மாடியில் வைப்பதானால் செம்மண்ணைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டுங்கள். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், அலசாமல் போடாதீர்கள். டிரம்மின் வெளிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், கத்திரி வெயிலில் நீல பிளாஸ்டிக் கொதித்து ஓரத்து வேர் வேகாமல் இருக்கும்.

பெரம்பூர்க் களிமண்ணில் பெயர்த்த மரத்தை இந்தக் கலவையில் வைக்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள லேசான மண் வழியாக ஓடி வெளியேறிவிடும், நடுவில் களி உருண்டை காய்ந்தே கிடக்கும். டிரம் ஈரமாகத் தெரியும், மரம் வாடும். நடும்போது உருண்டையின் ஓரத்தைக் குச்சியால் லேசாகக் கிளறிவிட்டு, முதல் இரண்டு மாதம் தண்டையொட்டியே மெதுவாகத் தண்ணீர் விடுங்கள்.

புதுக் கன்று யாருக்கு

பழைய மரத்தின் பழம் பெரிதாக ஒன்றுமில்லை என்றால், எந்தத் தயக்கமும் இல்லாமல் புது ஒட்டுக் கன்று வாங்குங்கள். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது, ரெட்டேரியிலிருந்து செங்குன்றம் வரை நர்சரிகளும் இருக்கின்றன. தொட்டிக்கு மா வேண்டுமென்றால் அம்ரபாலி கேளுங்கள், தசேரியையும் நீலத்தையும் சேர்த்து உருவாக்கிய குட்டை ரகம், வருடம் தவறாமல் காய்க்கும். கொய்யாவில் லக்னோ 49, சப்போட்டாவிலும் எலுமிச்சையிலும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1. மாதுளை நம் ஈரக்காற்றில் பழம் வெடிப்பும் புள்ளியும் கண்டு சலிக்க வைக்கும். பூவுக்காகவும் நாலு பழத்துக்காகவும் வைக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

காய் தொங்குகிற பெரிய கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். சின்னப் பையில் நாள்கணக்கில்லாமல் நின்ற கன்றுக்கு வேர் உள்ளேயே வட்டம் சுற்றியிருக்கும். பையின் அடியைத் தொட்டுப் பாருங்கள், கயிறு சுற்றிய மாதிரி தடித்த வேர் தட்டுப்பட்டால் வேறு கன்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால் நடும்போது உருண்டையின் பக்கத்தில் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, சுற்றிய வேரை அறுத்துவிடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரிய வேண்டும், அதில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் அன்றைக்கே கிள்ளுங்கள். அது வேர்க்கன்றின் துளிர், மேலே உள்ளதைவிட வேகமாக வளர்ந்து, நாம் காசு கொடுத்து வாங்கிய ரகத்தை இரண்டு வருடத்தில் அமுக்கிவிடும்.